மில் கேட்டிலிருந்து மெட்ரோ வாசல் வரை



இலக்கிய அமைப்பு ஒன்றின் நினைவுச் சொற்பொழிவில் ரயில் நிலையம், மூடிய ஆலை, அடுக்குமாடி என்று பேச வந்திருக்கிறேன். கவிதையையும் நாவலையும் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். ஆனால் சொற்களைச் சந்தேகப்படத் தெரிந்தவர்கள் கூடுகிற இடம் இது. நகரத் திட்டமிடலின் கோப்புகளில் நம்மை நேரடியாகப் பாதிக்கிற சொற்கள் நிறைய இருக்கின்றன. நாற்பது ஆண்டு ஒரு குடும்பம் வாழ்ந்த ஆற்றங்கரையின் பெயர் 'ஆட்சேபகரமான புறம்போக்கு'. அந்தக் குடும்பத்தை லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே இறக்குவதன் பெயர் 'மறுகுடியமர்வு'. 1970-களின் தொடக்கத்தில் 'குடிசை மாற்று வாரியம்' என்று தொடங்கிய துறை, 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆகிவிட்டது. இந்த வரிசையில் புதிதாக வந்திருக்கும் ஒரு சொல்லைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறேன். ஆங்கிலத்தில் அதை டி.ஓ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். டிரான்சிட் ஓரியன்டட் டெவலப்மென்ட். தமிழில் 'பொதுப் போக்குவரத்தைச் சார்ந்த வளர்ச்சி' என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்லைச் சந்தேகப்படலாம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கருத்து நல்ல கருத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள், அதாவது 500 முதல் 800 மீட்டருக்குள், நிறைய வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் வேலையிடங்களும் நெருக்கமாக இருக்க வேண்டும். காரும் பைக்கும் இல்லாமலேயே ஒருவர் வாழ்க்கை நடத்த முடிய வேண்டும். அகலமான நடைபாதை, குறைவான பார்க்கிங், தெருவைப் பார்த்த கடைகள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒன்றிய அரசு 2017-இல் இதற்கென ஒரு தேசியக் கொள்கையையே வெளியிட்டது. நிலையத்தைச் சுற்றி எல்லா வருமானப் பிரிவினரும் வாழ வேண்டும் என்றும், அங்கே கட்டப்படும் தளப்பரப்பில் 30 சதவீதத்தைக் குறைந்த விலை வீடுகளுக்கு மாநிலங்கள் ஒதுக்கலாம் என்றும் அது பரிந்துரைக்கிறது. பரிந்துரை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாவிட்டால் கேட்பார் யாருமில்லை.

இந்தக் கருத்து பழைய ஆலை நிலங்களின் மேல் ஏன் வந்து உட்காருகிறது? அந்தக் காலத்தில் ஆலை வைத்தவர்கள் பஞ்சு வரவும் துணி போகவும் ரயில் பாதை, கால்வாய், பெரிய சாலை இவற்றின் ஓரத்தில்தான் நிலம் பிடித்தார்கள். அப்போது அது ஊரின் ஓரம். இன்று ஊர் அதைத் தாண்டிப் பல மைல் போய்விட்டது. ஆக, நகரத்தின் நடுவே, ரயிலுக்குப் பக்கத்தில், ஒரே உரிமையாளர் பெயரில், ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கிறதென்றால் அது மூடிய ஆலையாகத்தான் இருக்கும். சிறு வீடுகள் நிறைந்த தெருவில் இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆலைக்கு ஒரே கையெழுத்து போதும்.

வடசென்னையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் ஓட்டேரிக்கும் நடுவே பின்னி மில் இருந்தது. முழுப்பெயர் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில்ஸ். பக்கிங்காம் மில் 1876-இலும் கர்நாடிக் மில் 1881-இலும் தொடங்கின, 1920-இல் ஒன்றாயின. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி நெய்து கொடுத்துப் பேர் வாங்கிய மில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு என்ற பெயர்களை எல்லாத் தொழிலாளர் வரலாறும் சொல்லும்.

அந்த வரலாறுகள் சற்றுத் தயக்கத்தோடு கடந்துபோகிற ஆண்டு 1921. அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. 1920-இன் கடைசியில் தொடங்கிய கதவடைப்பின் பட்டினி அவர்களுக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. நிலமோ, கடன் தரும் உறவினரோ, ஊரில் ஒரு வீடோ இல்லாதவன் எத்தனை மாதம் வேலையை நிறுத்த முடியும் என்ற கேள்வியைச் சங்கம் தனியாக எடுத்துப் பேசவில்லை. புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலிகளும் தொடர்ந்தன. எம்.சி.ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. இந்தக் கலவரத்தில் யார் மேல் எவ்வளவு தவறு என்பதற்கு நூறு ஆண்டாக வாதம் நடக்கிறது. இன்றைய நம் பேச்சுக்கு எனக்கு வேண்டியது அதில் ஒரு சின்ன விவரம்தான். ஆதிதிராவிடர்களை நகரத்திலிருந்தே வெளியே அனுப்பிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற யோசனை அப்போதே நகர அரசியலின் மேல்மட்டத்தில் பேசப்பட்டது. 1921-இல். அன்று அது நடக்கவில்லை, ஏனென்றால் மில்லுக்கு ஆள் வேண்டும். மில் சங்கு ஊதும்போது கேட்டுக்குள் நுழையும் தூரத்தில் ஆள் வேண்டும்.

இதை நான் திட்டமிடலின் பார்வையிலிருந்து இப்படிச் சொல்வேன்: வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு என்பதை வடசென்னையின் சேரிகள் ஒரு நூற்றாண்டாக நடத்திக் காட்டியிருக்கின்றன. யாரும் அதற்கு டி.ஓ.டி. என்று பெயர் வைக்கவில்லை. புளியந்தோப்பிலிருந்து மில், ஆட்டுத்தொட்டி, பேசின் பிரிட்ஜ் யார்டு, பெரம்பூர் ரயில்வே பட்டறைகள், துறைமுகம் எல்லாமே காலால் அல்லது ஒரு சைக்கிளால் எட்டிவிடும் தூரம். கழிப்பறை இல்லை, மழை வந்தால் முழங்கால் தண்ணீர், வாழ்க்கை கொடுமைதான். ஆனால் இடம் சரியான இடம். அந்த இடத்தைத்தான் இப்போது சந்தை கண்டுபிடித்திருக்கிறது.

மில் 1996-இல் மூடப்பட்டது. அதன்பிறகு கொஞ்ச காலம் அந்த வளாகத்தைத் தமிழ்நாடே பார்த்தது, அது எந்த இடம் என்று தெரியாமலேயே. வில்லனும் நாயகனும் சண்டை போடுகிற இடிந்த ஆலை, துருப்பிடித்த தூண், கண்ணாடி உடைந்த கூரை என்று எத்தனை படங்களில் வந்திருக்கிறது பின்னி மில்! வேலை போனவனின் பிள்ளை அதே இடத்தில் ஸ்டண்ட் காட்சியில் அடி வாங்கியிருக்கவும் கூடும். பிறகு கூரைகள் இறங்கின, அடுக்குமாடிகள் எழுந்தன. இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது வழித்தடம், மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர், பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம் என்று அந்தப் பகுதிக்குக் கீழே சுரங்கமாகப் போகிறது.

இனி கொஞ்சம் கணக்கு. மாணவர்கள் பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

எஃப்.எஸ்.ஐ. என்று அடிக்கடி கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழில் தளப்பரப்புக் குறியீடு. நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம் என்பதைச் சொல்லும் எண் அது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, கிரவுண்டில் சொன்னால் பதினெட்டுச் சொச்சம். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குக் குறியீடு 2. அதாவது ஒரு ஏக்கரில் 87,120 சதுர அடி கட்டலாம். உயர்மாடிக் கட்டடம் என்றால் 3.25. அது 1,41,570 சதுர அடி. முன்னால் உள்ள சாலை 18 மீட்டர் அல்லது அதற்கு மேல் அகலம் என்றால், அரசுக்குப் பணம் கட்டி அதற்கு மேலும் 50 சதவீதம் வாங்கலாம். இதற்கு 'பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.' என்று பெயர். அப்போது குறியீடு 4.875, கட்டடம் 2,12,355 சதுர அடி. நிலம் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. தாளில் ஒரு எண் மாறியது, விற்கக் கிடைக்கும் பரப்பு இரண்டரை மடங்கை நெருங்கிவிட்டது.

ஆக, ஒரு பழைய ஆலை நிலத்தின் இன்றைய விலையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். நூறு ஆண்டு அந்த நிலத்தில் உழைத்தவர்களின் உழைப்பு ஒன்று. அந்த உழைப்பு இல்லாவிட்டால் சதுப்பும் தோப்புமாக இருந்த இடத்தில் நகரமே வந்திருக்காது. தொழில் மண்டலம் என்று குறித்த நிலத்தைக் குடியிருப்பு மண்டலம் என்று மாற்றிய அரசின் கையெழுத்து இன்னொன்று. கூடுதல் மாடிக்கு அனுமதி தந்த எண் அடுத்தது. கடைசியாக, 63,000 கோடி ரூபாய்க்கு மேல் பொதுப்பணமும் பொதுக்கடனும் போட்டுக் கட்டும் மெட்ரோ. நிலத்தின் உரிமையாளர் இதில் எதையும் செய்யவில்லை. அவர் செய்தது காத்திருந்தது. பிரீமியத் தொகையையும் கட்டணங்களையும் கட்டுகிறாரே என்பீர்கள். கட்டுகிறார். அதைச் சேர்த்துத்தான் வீட்டின் விலையைப் போடுகிறார்.

இப்படிப் பொதுவில் பிறந்த மதிப்பில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் திருப்பிக் கேட்பது ஒன்றும் புரட்சி இல்லை. விதியிலேயே இருந்தது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தபோது, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்பு கட்டுபவர் பத்து சதவீத நிலத்தை ஒதுக்கி, 45 சதுர மீட்டருக்கு மிகாத சிறு வீடுகளைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகக் கட்ட வேண்டும் என்றது. மனைக்குள்ளேயே கட்டலாம், இல்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்டலாம். இந்த 'இரண்டு கிலோமீட்டர்' என்ற இரண்டு சொற்கள் பொன்னானவை. புளியந்தோப்புக்காரர் புளியந்தோப்பிலேயே இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். பிறகு, வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக 'ஷெல்டர் ஃபீ' என்ற பெயரில் பணமாகக் கட்டிவிடும் வழி வந்தது. பணம் அரசின் நிதியில் சேரும், அந்த நிதியில் ஏழைகளுக்கு வீடு கட்டுவார்கள். எங்கே கட்டுவார்கள்? நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில். இரண்டு கிலோமீட்டர் இருபத்தைந்து கிலோமீட்டரானது இப்படித்தான். பணம் கொடுத்துவிட்டார்கள், இடத்தைக் கொடுக்கவில்லை.

நான் சொன்ன ஒரு ஏக்கர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,12,355 சதுர அடியில் பத்தில் ஒரு பங்கு 21,235 சதுர அடி. படிக்கட்டு, லிப்ட், வராந்தா எல்லாம் கழித்தாலும் 45 சதுர மீட்டர் வீடு முப்பதுக்குக் குறையாது. ஏக்கருக்கு முப்பது குடும்பம். மில் நிலம் எத்தனை ஏக்கர் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

நிபந்தனை போட்டு நிலம் கொடுப்பதும், நிபந்தனை காகிதத்தில் நிற்க நிலம் கைமாறிப் போவதும் நமக்குப் புதிதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையை அடுத்து 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க உத்தரவானது. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அந்த நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்று கேட்டதற்காக 1994-இல் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். கிராமத்தில் பஞ்சமி நிலம் என்றால் கொதிக்கிற நாம், நகரத்தில் பத்து சதவீதம் பறிபோனபோது அதை ஒரு நிலப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கட்டட விதி என்று பெயர் இருந்ததால் அது பொறியாளர்களின் விவகாரம் என்று விட்டுவிட்டோம்.

இதே கதை நம்மைவிடப் பெரிய அளவில் நடந்த ஊர் பம்பாய். அங்கே நடந்ததை அறிந்துகொள்வது நமக்கு முக்கியம். அங்கே நிபந்தனை நம்முடையதைவிடப் பலமாக இருந்தது, அதுவே தோற்றது. இன்னொரு காரணமும் உண்டு. பரேல், வொர்லி, நய்காவ் என்ற ஆலைப் பகுதி அம்பேத்கர் இயக்கத்தின் தொட்டில். பாபாசாகேப் பல ஆண்டுகள் பரேலில் ஒரு தொழிலாளர் சாலில்தான் குடியிருந்தார். பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டத்தகாதவர்களை விடமாட்டார்கள். அறுந்த நூலைத் தறிநாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும். நல்ல கூலி நெசவில், தலித்துகள் கூலி குறைந்த நூற்புப் பிரிவில். 1928 வேலைநிறுத்தத்தின்போது நெசவுப் பிரிவைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக்கச் சொன்னார் அம்பேத்கர். சாதி தறியின் நாடா வரைக்கும் போயிருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த ஆலைகளில் 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதிகாரபூர்வமாக அது முடிந்ததாக யாரும் அறிவிக்கவேயில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக நசிந்தன, அறுநூறு ஏக்கர் அளவுக்கு ஆலை நிலம் நகரத்தின் நடுவே கிடந்தது. 1991-இல் வந்த விதி, எண் 58, அதை மூன்றாகப் பங்கிட்டது. மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்காவும் திடலும் போட. ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, பொது வீடுகளுக்காக. மீதி ஒரு பங்கு உரிமையாளருக்கு. நல்ல பங்கீடு. பத்தாண்டு உரிமையாளர்கள் நிலத்தை விற்காமல் காத்திருந்தார்கள். 2001-இல் மாநில அரசு விதியில் ஒரு திருத்தம் செய்தது. பங்கிட வேண்டியது மொத்த நிலத்தை அல்ல, ஏற்கெனவே கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் என்றது. ஆலை என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே? காலி நிலம் எவ்வளவு இருக்கும்? மூன்றில் இரண்டு பங்கு ஒரே வாக்கியத்தில் கரைந்தது. உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திருத்தம் செல்லும் என்றது. பீனிக்ஸ் மில் ஷாப்பிங் மாலானது. மற்றவை கண்ணாடிக் கோபுரங்களாயின. ஆலைத் தொழிலாளர்களின் தொடர் போராட்டத்தால் 2012-இல் முதல் குலுக்கல் நடத்தி ஏழாயிரத்துக்கு நெருக்கமான வீடுகள் கொடுத்தார்கள். காத்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

தாதரில் சைத்ய பூமிக்கு அடுத்து இருந்த இந்து மில் மட்டும் வேறு வழியில் போனது. பாபாசாகேப் தகனமான இடத்தை ஒட்டிய அந்த நிலம் அவர் நினைவிடத்துக்கே வேண்டும் என்று தலித் இயக்கங்கள் பல ஆண்டு கேட்டன. 2011 டிசம்பரில் போராட்டக்காரர்கள் மில்லுக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். 2015-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பன்னிரண்டு ஏக்கர். ரியல் எஸ்டேட் சந்தையின் வாயிலிருந்து ஒரு ஆலை நிலத்தைப் பிடுங்க முடியும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய சான்று இல்லை. நினைவிடத்துக்காக நடந்த அளவு போராட்டம் வீட்டுக்காக நடந்திருந்தால் என்ற எண்ணமும் கூடவே எழத்தான் செய்கிறது.

அதே பரேலில் இன்னொன்றும் நடந்தது. ஆலைகள் இருந்த இடத்தில் அலுவலகக் கோபுரங்கள் வந்தன. மில் காலத்து ரயில் நிலையங்களும் நடைமேம்பாலங்களும் அப்படியே இருந்தன. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் ரயிலில் வந்திறங்கிய கூட்டமும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகலான பாலத்தில் நெரிந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோபுரத்தில் இருப்பவர்களில் பலர் காரில் வந்து காரில் போவார்கள். அந்தக் கோபுரத்தில் துடைப்பவர், டீ கொண்டுவருபவர், காவலர், கணக்கெழுதுபவர் எல்லோரும் ரயிலில்தான் வந்தாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பொதுவுக்கு வந்திருந்தால் நிலையத்துக்கு அகலமான வாசலும் சாலையும் போட இடம் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் நகர வடிவமைப்பு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சுவரைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' படமே ஒரு சுவரைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆலை நிலத்தில் எழும் குடியிருப்பின் முதல் குணம், பழைய மில் மதில் இருந்த அதே கோட்டில் புதிய மதில் எழுவது. மில்லுக்கு மதில் தேவைப்பட்டதற்காவது ஒரு காரணம் உண்டு, உள்ளே இயந்திரமும் சரக்கும் இருந்தன. முப்பது, நாற்பது ஏக்கர் குடியிருப்பைச் சுற்றி ஒரே மதில், இரண்டே கேட் என்றால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்துச் சேரியிலிருந்து ரயில் நிலையம் பறவை பறந்தால் 500 மீட்டர். மதிலைச் சுற்றி நடந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். தலையில் கூடையோடு அதிகாலையில் மீன் வாங்கப் போகிறவருக்கு அந்த ஒரு கிலோமீட்டர் தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. குக்ஸ் சாலை, ஸ்டிராஹன்ஸ் சாலை பக்கம் நடந்து பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும். டி.ஓ.டி.யின் அடிப்படையே நடை. நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பொதுத்தெருக்கள் போட்டு, அவற்றை மாநகராட்சி பெயரில் எழுதி வாங்கினால்தான் நடை உண்டு. பொதுத்தெரு இல்லாத இடத்தில் மெட்ரோ நிலையம் என்பது விளம்பரப் பலகையில் போட்டுக்கொள்கிற ஒரு வரிதான்.

நம் விதியிலேயே இதற்கு ஒரு பிடி இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தான பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். அது பொதுச்சாலையிலிருந்து எவரும் போய்வரும்படி இருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் கால்பந்து ஆட வேண்டிய இடம் அது. எத்தனை வளாகங்களில் அது மதிலுக்கு உள்ளே, குடியிருப்போர் சங்கத்தின் புல்வெளியாக இருக்கிறது என்று மாணவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் நிலம் அது. செக்யூரிட்டி தடுத்தால் பத்திர எண்ணைச் சொல்லுங்கள்.

தண்ணீரும் மதிலைப் போலத்தான். புளியந்தோப்பும் பட்டாளமும் தாழ்வான பகுதி, ஓட்டேரி நல்லா ஓடுகிற வழி. பெரிய வளாகம் கட்டும்போது மண் கொட்டி மட்டத்தை உயர்த்துவார்கள். மழைநீர் எங்கே போகும்? சுற்றியுள்ள பழைய தெருவுக்கு. மட்டத்தை எவ்வளவு உயர்த்தலாம், உள்ளே விழும் மழையை உள்ளேயே எவ்வளவு தேக்க வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு யாருடைய வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதை முடிவு செய்கிறது. சாயமும் எண்ணெயும் அமிலமும் ஊறிய ஆலை மண்ணைத் தோண்டி எடுப்பவர்களும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையை முகமூடி இல்லாமல் உடைத்து இறக்குபவர்களும் யார் என்று இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை.

இப்போது மூன்றாவது மெட்ரோ வழித்தடத்துக்குத் திரும்புவோம். அதன் வடக்குப் பக்கம் ஓட்டேரி, பட்டாளம். தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம், செம்மஞ்சேரி வழியாகப் போகிறது. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் தூக்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. செம்மஞ்சேரியில் சுனாமிக்குப் பிறகு குடியேற்றப்பட்டவர்கள். அவர்களுக்கும் பின்னால், பெரும்பாக்கத்தில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் 2015 வெள்ளத்துக்குப் பின் அனுப்பப்பட்டவர்கள். மிகப் பெரும்பான்மை தலித்துகள். நகரத்தில் யாரெல்லாம் காலாலும் பஸ்ஸாலும் ரயிலாலும் மட்டுமே பிழைக்கிறார்களோ அவர்களைப் போக்குவரத்து இல்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தும் இடத்தோடு நிலையத்தின் வாசலில் குடியிருப்பு கட்டுகிறோம். 2021-இலிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பஸ்ஸில் கட்டணமில்லை. பெரிய உதவிதான். பெரும்பாக்கத்திலிருந்து பழைய வேலை வீட்டுக்குப் போய்த் திரும்ப ஆகும் நான்கு மணி நேரத்துக்கு எந்த அரசும் டிக்கெட் தர முடியாது.

இதற்குப் பதில் சொல்பவர்கள், இடத்திலேயே கட்டித் தந்தாலும் சிக்கல்தானே என்று புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காக் குடியிருப்பைக் காட்டுவார்கள். 2021-இல் கைவைத்தால் சுவர் உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு நடந்தது. அது கட்டிய விதத்தின் கோளாறு. அதே இடத்தில் ஒழுங்காகக் கட்டு என்பதுதான் அதிலிருந்து வருகிற கோரிக்கை, வேறிடத்துக்கு அனுப்பு என்பது அல்ல.

கண்ணகி நகரைச் சுற்றி மெட்ரோ ஓடத் தொடங்கியதும் என்ன நடக்கும் என்று இப்போதே யோசிக்க வேண்டும். நேற்று வரை யாரும் வர விரும்பாத இடம், நாளை நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்து நிலம். அரசுக்குச் சொந்தமான, ஒரே வளாகமான, ஏக்கர் கணக்கான நிலம். தவணை கட்டி முடித்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் அங்கே எவ்வளவு என்பதை முதலில் கணக்கெடுக்க வேண்டும். பத்திரம் இல்லாதவனை 'மறுகட்டுமானம்' என்ற சொல்லே போதும், மறுபடி லாரியில் ஏற்ற.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் பகுதியில் பழைய ஆலை நிலத்தில் எழும் எந்தக் குடியிருப்புக்கும் நான்கு ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: நில வகைப்பாட்டை மாற்றிய உத்தரவு, நிபந்தனைகளோடு கூடிய திட்ட அனுமதி, ஓ.எஸ்.ஆர். நிலத்தின் தான பத்திரம், ஷெல்டர் ஃபீ கட்டிய ரசீது. முதல் மூன்றும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலும் மாநகராட்சியிலும் இருக்கும். நான்காவதோடு கூடவே ஒரு கேள்வியையும் எழுதுங்கள்: அந்தப் பணத்தில் கட்டிய வீடு எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த எண்ணில் இருக்கிறது?